மலைப் பூவுக்கு ஊர்ப் பெயர்

யாழ்ப்பாணத்து நெல்லியடியில் இருந்துகொண்டு சுவிஸ் மலைச்சரிவில் பூக்கிற மஞ்சள் பூக்களுக்குப் பெயர் சொல்லுகிற உத்தியோகம் உலகத்தில் ஒருத்திக்குத்தான் வாய்த்தது. அந்தப் பாக்கியவதி நான்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுத்தால் குடும்பக் குழுவில் ஒரு மஞ்சள் பூ வந்து கிடக்கும். அதற்குக் கீழே என் அக்காவின் கேள்வி கிடக்கும்: "இது என்ன பூ பிள்ளை?"

மற்ற வீட்டு அக்காமார் காலையில் வேத வசனம் அனுப்புவார்கள். வசனத்துக்கு 'ஆமென்' என்று போட்டால் கதை முடிந்தது. பூவுக்கு அப்படிப் போடமுடியாது.

என்னை ஏன் கேட்டாள் என்றால், நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பத்தில் விஞ்ஞானம் படித்தது நான் ஒருத்திதான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நான் உண்மையில் படிப்பித்தது ஒரே ஒரு பூவைத்தான். ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு செவ்வரத்தம்பூவை பிளேட்டால் நெடுக்காக வெட்டி, இது மகரந்தம், இது சூலகம் என்று காட்டுவேன். அந்தப் பூவும் சிவப்பு. மஞ்சளைப் பற்றி அரசாங்கம் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

மலையைப் பற்றியோ சொல்லத் தேவையில்லை. எங்கள் குடாநாட்டில் உயரத்தில் நின்று ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர் தண்ணீர்த் தாங்கியில்தான் ஏறவேண்டும். கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. மலையைப் பார்க்கலாம் என்று அங்கே போகிறவர்கள் கேணியில் முழுகிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வருவார்கள். நான் நுவரெலியாவுக்கு ஒரேயொரு தடவை போனேன். பள்ளிக்கூடச் சுற்றுலா. வளைவுகளில் சத்தியெடுத்த பிள்ளைகளின் தலையைப் பிடித்துக்கொண்டே போனதில் மலையைக் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகையால் மரியாதை என்ற பேச்சும் எங்களுக்குள் இல்லை. பிரச்சினைக் காலத்தில் அவளும் அத்தானும் சுவிசுக்குப் போனார்கள். மலைக்குள்ளே ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு ஹொட்டேலில் அத்தான் பாத்திரம் கழுவினார், அக்கா படுக்கை விரிப்புகள் தோய்த்து மடித்தாள். பிள்ளைகள் வளர்ந்து பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். அத்தான் போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த கையோடு அக்கா போனில் அழுதுகொண்டு சொன்னாள்: "இனி இஞ்சை எனக்கு என்ன கிடக்குது பிள்ளை? அலுவல்களை முடிச்சுக்கொண்டு அங்கை வாறன். ரெண்டுபேருமாக் கிடப்பம்."

அந்த 'வாறன்' என்ற சொல்லை நம்பி நான் செய்த திருப்பணிகள் கொஞ்சமல்ல. நான் கலியாணம் செய்யவில்லை. அம்மா அப்பாவின் வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டின் கிழக்கறைக்குத் தளத்தில் மாபிள் பதித்தேன். அக்காவின் முழங்கால் குந்த விடாது என்று கொமட் பூட்டினேன். பிடித்துக்கொண்டு எழும்பச் சுவரில் கைபிடியும் வைத்தேன். பூட்ட வந்த மேசன், "டீச்சர், உங்களுக்கு இப்பவே உது தேவைப்படாதே" என்று மரியாதையாகச் சொன்னான். "அக்கா வாறா" என்றேன். அந்த வருடம் முழுக்க எதற்கும் எனக்கு அதுதான் பதில்.

ஆனால் அக்கா வரவில்லை. மஞ்சள் பூதான் வந்தது.

முதலில் வந்தது, தரையோடு தரையாகப் பூக்கிற ஒரு பூ. ஐந்து இதழ், வாணிஷ் அடித்த மாதிரி மினுக்கம். நான் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், தூரப் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்று ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை எழுதலாமா? அதற்குள் கனடாவிலிருந்து தம்பி குழுவுக்குள் குதித்தான்: "பெரியக்கா, உது எங்கடை ஆவரசு."

என் தம்பி ஊரைவிட்டுப் போகும்போது மீசை முளைக்கவில்லை. ஆவரசை அவன் கடைசியாகக் கண்டது எந்த யுகத்தில் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். ஆனாலும் அவனுக்கு மஞ்சளாக இருப்பதெல்லாம் ஆவரசு. அடுத்தநாள் அக்கா வேறு பூ அனுப்பினாள்; அதுவும் ஆவரசு. அதற்கடுத்தநாள் பலூன் மாதிரிப் பஞ்சு வைக்கிற ஒரு பூ. அது "சின்ன ஆவரசு". எலுமிச்சம்பழத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தால் உருண்டை ஆவரசு என்றிருப்பான்.

இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. "அது ஆவரசு இல்லை. அங்கை பனி கொட்டுற மலை. எங்கடை செடி ஒண்டும் அங்கை நிக்காது" என்று எழுதினேன்.

அக்கா உடனே குரல் அனுப்பினாள். "நிக்காட்டிப் பரவாயில்லை. அதைப்போலை எங்கடை ஊரிலை எது கிடக்குதோ அதின்ரை பேரைச் சொல்லு. போனுக்குள்ளை பேர் சொல்லுற ஒண்டு இருக்கு, பிள்ளையள் போட்டுத் தந்தவை. அது சொல்லுற பேர் வாய்க்குள்ளை வருகுதில்லை. எங்கடை பேர் வேணும்."

இப்படித்தான் என் உத்தியோகம் தொடங்கியது. அக்காவின் மலைப் பூவுக்கு நெருக்கமான ஊர்ப் பூ எது என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். ஐந்து இதழ், மஞ்சள், தரையோடு படருகிறது: போதும், நெருஞ்சி. நெருஞ்சிக்கு முள்ளுண்டு, இதற்கு இல்லை. அதற்கென்ன, சுவிஸ்காரர் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறவர்கள், முள்ளையும் எடுத்திருப்பார்கள். பூனைக்குட்டியின் முதுகு மாதிரி மெத்தென்ற இலையோடு ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நின்ற ஒன்றுக்குத் துத்தி என்று பெயர் வைத்தேன். துத்தி இலையும் மெத்தென்றுதான் இருக்கும். பயற்றம்பூப்போலப் பூத்திருந்ததைக் கிலுகிலுப்பை என்றேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா, "ஓம், ஓம், அதுதான்" என்று பதில் போட்டாள். தம்பி கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு செடியைக் கண்டால் மூன்று கேள்விகள்தான் வரும். வறை வறுக்கலாமோ, ஆட்டுக்குப் போடலாமோ, எங்கள் எல்லைக்குள் நிற்கிறதோ அடுத்தவன் எல்லைக்குள் நிற்கிறதோ. அக்காவும் ஒருநாள், "இந்த நெருஞ்சியின்ரை இலையைத் தேங்காய்ப்பூப் போட்டு வறுத்துப் பாப்பமோ?" என்று கேட்டாள். "வாயிலை வைச்சியெண்டால் கொன்றுபோடுவன். பேர் சொல்லுறதுதான் என்ரை வேலை" என்று பதறிக்கொண்டு எழுதினேன். விஷத்தாலே சாகாவிட்டால் என்னாலே சாவாய் என்று நான் வெருட்டியதில் அவளுக்கு ஒரு கிழமைச் சிரிப்பு.

நான் பிழை விட்டது அதற்குப் பிறகுதான். வீட்டில் இருந்துகொண்டு ஞாபகத்திலிருந்து பெயர் சொல்லுவது விஞ்ஞான முறை அல்ல என்று எனக்கு ஞானம் பிறந்தது. பூவுக்குப் பூ ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், இதழை எண்ணவேண்டும், அளவு எடுக்கவேண்டும். வேலியாலே போன ஓணானைப் பிடித்துக் காதுக்குள் விட்ட கதை இனித்தான் வருகிறது.

என் வளவுக்குப் பக்கத்தில் இருப்பது அக்காவின் சீதனக் காணி. அதில் நின்ற வீடு சண்டைக் காலத்தில் விழுந்தது. இப்போது ஒரு கிணறும் சுற்றிவர எல்லைக்கற்களும் இருக்கின்றன, மிச்சமெல்லாம் பூண்டு. அதற்கு அப்பாலும் வெளிநாட்டுக்காரரின் வெறுங்காணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. சொந்தக்காரர் இல்லாத நிலத்தில் பூக்கிறவற்றில் பாதி மஞ்சள்தான். நான் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, போனையும் தையல் நாடாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். செடிக்குப் பக்கத்தில் நாடாவை நீட்டி வைத்துப் படம் எடுத்தால் அக்காவுக்கு அளவு விளங்கும் அல்லவா? எவ்வளவு புத்தி எனக்கு!

நெருஞ்சி முதலில் என்னைக் கண்டுபிடித்தது. செருப்பையும் துளைத்துக் குத்தியது. கிணற்றடியில் துத்தி, அதற்கப்பால் முள்ளும் பூவுமாகப் பிரமதண்டு, எல்லையோடு ஒட்டி ஆவரசு. தம்பிக்காக அந்த ஆவரசை மூன்று பக்கத்தாலும் படமெடுத்து, "இதுதான் ஆவரசு, நல்லாய்ப் பார்" என்று அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு, "அதுக்குப் பின்னாலை தெரியிறது எல்லைக்கல்லோ?" என்று கேட்டான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் குந்தியிருந்து நாடாவை இழுத்துக்கொண்டிருந்தபோது றோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருவர். "டீச்சர், என்ன அளக்கிறியள்?" என்று கேட்டார்.

"பூப் பாக்கிறன்" என்றேன்.

"ஓம், ஓம். பூவோ?" அவர் சிரித்த சிரிப்பில், தம்மை அவ்வளவு விளையாட்டுப்பிள்ளை என்று நினைக்கவேண்டாம் என்ற அர்த்தம் இருந்தது. "பாருங்கோ, பாருங்கோ. வடக்குப் பக்க எல்லை கொஞ்சம் வில்லங்கம். கவனமாய்ப் பாருங்கோ."

எங்கள் ஊரில் அறுபது தாண்டிய ஒரு மனுசி வெறுங்காணிக்குள் நின்று பூப் பார்க்கிறாள் என்று சொன்னால் நம்புகிறவர் ஒருவரும் இல்லை. வெளிநாட்டுக்காரரின் காணிக்குள் ஒருவர் போனோடு நின்றால் அதற்கு ஒரே அர்த்தந்தான். காணி விலைப்படப் போகிறது. படம் எடுத்து வாங்குகிறவனுக்கு அனுப்புகிறார்கள். நாடாவும் கையில் இருந்தால் பேச்சு முற்றிவிட்டது, உறுதிப் பத்திர எழுத்து நடக்கப் போகிறது. இதெல்லாம் எனக்கும் தெரியும். மற்றவர்கள் காணிக்குள் நின்றபோது நானும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாருக்கு விற்கிறார்களாம் என்று விசாரித்தவள்தான். பூவைப் பார்த்த மும்முரத்தில் மறந்துபோனேன்.

அடுத்த கிழமை காணிப் புரோக்கர் வந்தார். கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், எனக்கு ஒளிக்காதேங்கோ. யாழ்ப்பாணத்திலை ஒரு டொக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல மனுசன், உங்களைப்போலை வேதக்காரன்."

"நான் ஒண்டும் விக்கேல்லை. அக்காவுக்குப் பூப் படம் எடுத்து அனுப்பினனான்."

"சரி, அந்தப் படங்களை ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்."

காட்டினால் புத்தி வரும் என்று நம்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பூவில் அவருடைய கண் ஒரு நொடியும் நிற்கவில்லை. துத்திப் பூவுக்குப் பின்னால் கிணற்றுக்கட்டைக் கண்டுபிடித்து, "கட்டு வெடிச்சிருக்கு. ஆனால் நன்னீர்தானே?" என்றார். ஆவரசுக்குப் பின்னால் ஒழுங்கைப் பாதையைக் கண்டுபிடித்து, "வாகனம் போகும்" என்றார். பிறகு போனைத் திருப்பித் தந்துகொண்டு, "மஞ்சளாப் பூத்துப்போய்க் கிடக்கிற காணியெல்லாம் ஆள் வராத காணிதான் டீச்சர். அக்கா வரமாட்டா. வாறவை இப்பிடிக் காடாக விடாயினம்" என்றார்.

அவரை நான் கேற்றடிவரை கொண்டுபோய் விட்டேன், மரியாதைக்காக அல்ல, கெதியாகப் போகட்டும் என்று. அவர் சொன்ன அந்தக் கடைசிக் கதை என் நெஞ்சுக்குள் நெருஞ்சிபோல ஏறி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மாதர் சங்கத்துப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உங்கடை அக்காவின்ரை காணி நல்ல விலைக்குப் போகவேணுமெண்டு ஜெபத்திலை வைச்சிருக்கிறன்." வெறும் வாயை மென்ற ஊருக்கு ஓர் அவல் கிடைத்தது, அதை இவர்கள் தேவ சமூகத்திலும் கொண்டுபோய் மென்றிருக்கிறார்கள். சுற்றி நின்ற நாலைந்து பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு மண்டை கொதித்தது.

"அக்கா வாறா" என்றேன், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. "நத்தாருக்கு முன்னம் வந்திடுவா. அறையெல்லாம் ஆயத்தம். நீங்கள் அதுக்கு ஜெபியுங்கோ."

சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. அக்கா நத்தார்ப் பண்டிகை என்று சொல்லவில்லை, மார்கழி என்றும் சொல்லவில்லை. எந்த மாதத்தையும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், பூ அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து 'வாறன்' என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் ஊர்க் கதை சுவிசுக்குப் போவதானால் கனடா வழியாகத்தான் போகும். செவ்வாய்க்கிழமை தம்பி போனில் பாய்ந்தான். "சின்னக்கா, நீங்கள் காணியை ஒரு டொக்டருக்குக் குடுக்கப் போறியளாம். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே? உங்கடை ஆவரசுப் படத்திலை எல்லைக்கல்லைக் கண்டவுடனை எனக்குக் கொஞ்சம் விளங்கினது."

"டேய், அது பூ. நாடா பூவை அளக்கிறதுக்கு."

"பூவை ஆரும் அளப்பினமோ?"

நான் விளக்க வாயெடுக்க முன்னம், "பெரியக்காவுக்கும் சொல்லிப்போட்டன். அவ உங்களோடை கதைப்பா" என்று போனை வைத்தான். காணி அவனுடையதுமில்லை, வாங்குகிறவன் அவனுமில்லை, ஆனால் கோபம் முழுக்க அவனுடையது.

நான் அக்காவின் போனுக்குக் காத்திருந்தேன். ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் என்னைத் திட்டவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. 'என்ரை காணியை விக்க நீ ஆர், நான் வந்து இருக்கப்போற நிலம்' என்று அவள் கத்தவேண்டும். கத்தினால் நான் நாடாவின் கதையைச் சொல்லுவேன், அவள் சிரிப்பாள், நத்தாருக்கு முன்னம் வந்துவிடுவாள். அவள் கத்தப் போகிறாள் என்று நான் சந்தோசத்தோடு அடுப்படியைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் பின்னேரம் எடுத்தாள், முகம் தெரிகிற மாதிரி. தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஒரு தடி, பின்னால் சரிவு முழுக்க மஞ்சள். மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன பிள்ளை, என்ரை காணியை நாடாவாலை அளந்தனியாம்?" என்றாள்.

நான் நாடாவின் கதையைச் சொன்னேன். புரோக்கரின் கதையையும், ஜெபத்தின் கதையையும் சொன்னேன். அவள் நிற்கமுடியாமல் ஒரு கல்லில் அமர்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "விக்கிறதெண்டால் வித்துப்போடு பிள்ளை. அந்த டொக்டருக்கே குடு."

"ஏன்?" என்றேன். தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வி.

"நான் வரமாட்டன். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் இவ்வளவு நாளும் இழுத்துக்கொண்டு திரிஞ்சனான்."

பிறகு அவள் நெடுகச் சொல்லிக்கொண்டு போனாள். அத்தான் போனபின் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாளாம். ஒரு புதன்கிழமை ஊர்க் கிழவி ஒருத்தி வந்து கதவைத் தட்டி, எழும்பு, மலைக்குப் போவோம் என்று கூட்டிக்கொண்டு போனாளாம். அவர்கள் ஐந்தாறு பேர் புதனுக்குப் புதன் பூப் பார்க்கப் போகிறவர்கள்.

"ஒவ்வொரு பூவையும் காட்டித் தங்கடை பேர் சொல்லுவினம். பேந்து உங்கடை ஊரிலை இதுக்கு என்ன பேர் எண்டு என்னைக் கேப்பினம். எனக்கு ஒண்டும் வரேல்லை. இந்த ஊரிலை இவ்வளவு காலமா இருக்கிறன், விரிப்பு மடிச்சனான், ஆரும் என்னை ஒண்டும் கேட்டதில்லை பிள்ளை. முதன்முதலாக் கேக்கினம். நான் தெரியாதெண்டு சொல்லுறதோ? அதுதான் உன்னைக் கேட்டனான். நீ சொல்லுறதை நான் அவையளுக்குச் சொல்லுவன். இப்ப அவையளும் நெருஞ்சி எண்டுதான் சொல்லீனம். வடிவாச் சொல்லீனம்."

நான் அவள் ஊர் நினைப்பில்தான் பெயர் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெயரும் அவளை இழுத்துக்கொண்டு வருகிறது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவளோ அங்கே இருப்பதற்காகக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு அந்த மலையில் இடம் பிடித்துக் கொடுத்தது, நாடா வைத்து அளந்து அளந்து, நானேதான். இப்படி ஒரு கெட்டிக்காரியை நீங்கள் எங்கே காணப்போகிறீர்கள்?

"அத்தானும் இஞ்சைதானே கிடக்கிறார்" என்றாள் அக்கா.

"அப்ப நான் பூட்டின கொமட்?" என்று கேட்டேன். வாயிலிருந்து அதுதான் வந்தது. "கைபிடி பூட்டினனான் உனக்கு. மாபிள் போட்டனான். அந்தக் கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு நான் நிண்டு அழவோ? தனிய இருக்க எனக்குப் பயமில்லை அக்கா. அலுத்துப்போச்சு. கதைக்க ஆள் இல்லாமல் அலுத்துப்போச்சு எனக்கு."

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். தூரத்தில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "நீ இஞ்சை வாவன்" என்றாள் கடைசியில். "கொமட்டைக் கழட்டிக்கொண்டு வரட்டோ, இஞ்சை விட்டிட்டு வரட்டோ?" என்று கேட்டுவிட்டு நான் போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை பூ வரவில்லை. நானும் பேசவில்லை. காலையில் தேத்தண்ணியோடு போனை எடுத்தால் தம்பி அனுப்பிய வேத வசனந்தான். 'ஆமென்' போட்டுவிட்டு வைத்தேன். நத்தாருக்கு அக்கா வருகிறாளா என்று கேட்டவர்களுக்கு, "ரிக்கற் கிடைக்குதில்லையாம்" என்றேன். சேர்ச் வாசலில் நின்றுகொண்டு பொய் சொல்லுவது பழகிவிட்டால் அவ்வளவு பாரமில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு படம் வந்தது. குழுவுக்கல்ல, எனக்கு மட்டும். பாறையிடுக்கில் நிமிர்ந்து நின்ற ஒரு செடி. உச்சியில் வெளிறின மஞ்சளில் தலை தலையாகப் பூ. கீழே எழுதியிருந்தாள்: "நாளைக்குப் புதன். இதுக்கும் ஒரு பேர் சொல்லுவியோ?"

நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெருஞ்சி இல்லை, துத்தி இல்லை, தம்பியின் ஆவரசும் இல்லை. எங்கள் ஊரில் அதைப்போல ஒன்றும் கிடையாது. கிடையாது என்று எழுதிவிட்டு என் பாட்டில் இருந்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு யோசித்து, கடைசியில் என் பெயரை எழுதி அனுப்பினேன்.

அவள் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பிறகு பதில் வந்தது: "அது முழுக்க முள்ளெண்டு படத்திலையே தெரியுதோ உனக்கு?"

வியாழக்கிழமை காலையில் ஒரு குரல் பதிவு கிடந்தது. முதலில் காற்று. பிறகு அக்காவின் குரல் அவர்களுடைய பாஷையில் என்னவோ சொல்லி, என் பெயரை ஒருதரம் ஆறுதலாகச் சொன்னது. அதன்பின் கிழவிகள் தொடங்கினார்கள். ஒருத்தி பெயரை நடுவில் முறித்தாள். இன்னொருத்தி கடைசி எழுத்தை விழுங்கினாள். அக்கா மறித்து மறித்துத் திருத்தினாள். விட்டுவிடாமல் எல்லாரும் திரும்பவும் திரும்பவும் சொன்னார்கள்.

இந்த ஊரில் நான் எல்லாருக்கும் டீச்சர். தம்பிக்குச் சின்னக்கா, அக்காவுக்குப் பிள்ளை. அம்மா கண்ணை மூடியபிறகு இந்த வீட்டுக்குள் என் பெயரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டேன். ஒருத்திகூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்கள் கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் நான் "ஓம்" என்றேன்.